ஊரான் மண்

குழியை வெட்டி முடித்ததும் லிஃப்ட்காரர் அதன் மேல் ஒரு கம்பைக் குறுக்கே போட்டு, தூக்குகுண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். நூலில் இரும்புக் குண்டைக் கட்டி, சுவரும் தூணும் நேராக நிற்கின்றனவா என்று பார்க்கிற கருவி அது. மரம் நடுகிற குழிக்கு அது எதற்கு என்று கேட்டால் அவரிடம் பதில் இருந்தது. முப்பது வருஷம் லிஃப்ட் மாட்டிப் பிழைத்த மனிதர். மாடிக்கு மாடி லிஃப்ட் ஓடுகிற தண்டவாளம் நூல் பிடித்தாற்போல் இறங்கினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயரே தூக்குகுண்டு. யார் எங்கே அரை விரல் கோணினாலும் அவர் கண்ணில் பட்டுவிடும். தன் கோணல் மட்டும் பட்டதில்லை, அது யாருக்குத்தான் படுகிறது?

"மாமா, மரம் நடறீங்களா, பத்து மாடி கட்டறீங்களா?" என்றான் மைத்துனன். மனைவியின் தம்பி. டிரம்மைத் தூக்க வேண்டியிருக்கும்போதெல்லாம் அவனுக்குத்தான் ஆள் போகும்.

"நடும்போதே நேரா நட்டுடணும். அப்புறம் நிமித்த முடியாது."

"அது சரி. இத்தனை வருஷம் டிரம்ல நின்னப்ப நேராத்தானே நின்னுச்சு?"

அவர் குண்டு ஆடாமல் நிற்க நூலைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி சமையலறைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரம் என்றது நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்தது. அதில் ஒரு மாதுளை. வயது இருபத்துமூன்று. மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். முதல் வாடகை வீட்டில் இருந்தபோது, துணி தைக்கக் கொடுத்த ஒருத்தி பால்மாவு டப்பாவில் ஒரு கன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். டப்பாவிலிருந்து பெயின்ட் வாளிக்கு, வாளியிலிருந்து டிரம்முக்கு. அதற்கு மேல் அதற்குப் போக இடமில்லை. மணிக்கட்டு கனத்தில் தண்டும், லிஃப்ட்காரரின் தோள் உயரமும் வந்ததோடு நின்றுவிட்டது. வருஷத்துக்கு நாற்பது பூ பூக்கும். ஒன்றோ இரண்டோ தங்கி எலுமிச்சை அளவுக்குக் காய்க்கும். மற்றதெல்லாம் தரையில் சிவப்பாகக் கிடக்கும். அவள் கூட்டி அள்ளுவாள்.

மண்ணில் வைக்கலாம் என்று அவள் கேட்காத வீடு இல்லை. மொத்தம் ஆறு வாடகை வீடு. ஆறிலும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்.

"ஊரான் மண்ணுல வெச்சா அது ஊரான் மரம். நாம தண்ணி ஊத்தி வளர்க்கணும், பழம் பறிக்கிற நேரத்துல அவன் காலி பண்ணச் சொல்லுவான். நமக்குன்னு ஒரு மண்ணு வரட்டும். அன்னிக்கு வைக்கலாம்."

மூன்றாவது வீட்டில் மட்டும் பதினோரு வருஷம் இருந்தார்கள். பின்பக்கம் துணி துவைக்கிற கல்லும், அதைச் சுற்றிக் கறுப்பு மண்ணுமாக நல்ல இடம். மாடியில் இருந்த வீட்டுக்காரம்மாவே ஒருநாள் வலிய வந்து, "எதுக்குங்க அதை டிரம்ல போட்டு வதைக்கறீங்க, இங்கதான் இவ்வளவு இடம் கெடக்கே" என்றார். லிஃப்ட்காரர் சிரித்துக்கொண்டே, "பாக்கலாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து மனைவியிடம் கத்தினார். அந்தம்மா ஓசியில் மரத்தை வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார் என்றார். "இருக்கறதை விட்டுட்டுப் பறக்கறதைப் பிடிக்கப் போறீங்க" என்று அவள் சொன்னது அப்போதுதான். அதற்குப் பிறகு, போகிற வீட்டில் ஒரு தடவை கேட்பாள். இரண்டாம் தடவை கேட்க மாட்டாள். அவள் கேட்பதைக் குறைத்துக்கொண்டதை அவர் தன் பேச்சு எடுபட்டதாக எடுத்துக்கொண்டார். ஊரில் பாதி ஆண்களுக்கு இந்த வியாதி உண்டு.

அதற்காக மரத்தை அவர் அலட்சியம் செய்தார் என்று சொன்னால் பாவம். வீடு மாறும்போது லாரியில் கடைசியாக ஏறுவதும் முதலில் இறங்குவதும் டிரம்தான். ஐந்தாவது வீட்டுப் படியில் அதைத் தோளில் ஏற்றியபோதுதான் அவர் இடுப்பு பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் குனிந்து நிமிர ஒரு நிமிஷம் ஆகும். "மரம் வெச்சவன் தண்ணி ஊத்துவான்னு சொல்லுவாங்க. இங்க வெச்சதும் அக்கா, ஊத்தறதும் அக்கா. மாமாவுக்கு சுமக்கற உத்தியோகம்" என்று மைத்துனன் அன்றைக்குக் கிண்டல் செய்தான். லிஃப்ட்காரருக்கு அந்தக் கிண்டலிலும் ஒரு பெருமைதான்.

கடைசியில் சொந்த வீடு வந்தது. சின்ன வீடு. ஆனால் முன்னால் எட்டடிக்குப் பத்தடி வெறும் மண், அவர் பேரில். அந்த மண்ணில் மாதுளை ஊன்றி, தழைத்து, அவள் ஒரு பழத்தைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க சொன்னதுதான் சரி" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவே. வேறு எதற்கும் அவர் அந்தக் குழியை அத்தனை ஒழுங்காக வெட்டவில்லை.

நர்சரிக்காரர் உரமும் செம்மண்ணும் கொண்டுவந்து இறக்கினார். இளவயது, ஆனால் மரத்தைப் பார்க்கிற பார்வையில் ஒரு டாக்டர் தோரணை. டிரம்மை மேலிருந்து கீழே அறுத்துப் பிரித்ததும் எல்லோரும் கிட்டே வந்து பார்த்தார்கள். உள்ளே மண் என்று சொல்ல ஒரு பிடிகூட இல்லை. வேர், வேர், வேர். டிரம்மின் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வந்து, கயிறு திரித்ததுபோல் இறுகி, டிரம்மின் அச்சாகவே நின்றது. அடியில் டிரம் கம்பெனியின் எழுத்துகூட இடம் வலம் மாறிப் பதிந்திருந்தது.

நர்சரிக்காரர் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். மரக்கட்டை மாதிரி சத்தம் கேட்டது.

"சார், இதை இப்படியே உள்ள எறக்கக்கூடாது. சுத்தி நாலு பக்கமும் வாளால அறுத்து வேரை விடணும். அடியில ரெண்டு விரக்கடை சீவணும். மேல கிளையில பாதியை எடுத்துடணும்."

"பாதியையா?"

"வேரைக் குறைச்சா கிளையையும் குறைக்கணுமில்ல. பாக்கப் பரிதாபமாத்தான் இருக்கும். மூணு மாசத்துல துளிர்க்கும்."

லிஃப்ட்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "இருபத்துமூணு வருஷம் ஒரு கிளை ஒடியாம காப்பாத்தியிருக்கேன். சொந்த மண்ணுக்கு வந்த அன்னிக்கு வாளை வெக்கச் சொல்றீங்களே. சுத்தி மண்ணு இருந்தா வேரு தானாப் போகும். சாப்பாடு இருக்கற பக்கம் கை போகாதா?"

"போகாது சார். பழகின வழியிலதான் சுத்தும்."

அவர் மனைவி அப்போதுதான் வெளியே வந்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே, வேரைக் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அவர் சொல்றபடி செய்ங்க" என்றாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ உள்ள போ."

அவள் உள்ளே போனாள். மரம் முழுசாக இறங்கியது. ஒரு இலைகூட உதிரவில்லை. மண்ணைத் தள்ளி மிதித்து, நாலு பக்கமும் தூக்குகுண்டு பிடித்து, மைத்துனனைத் தண்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஒரு நூல் பிசகாமல் நிறுத்தினார். தெருவில் போனவர்கள்கூட அழகாக இருக்கிறது என்றார்கள். நர்சரிக்காரர் மட்டும் டிரம்மின் இரண்டு துண்டுகளையும் ஓரமாகப் போட்டுவிட்டு, அவசரமாக எங்கோ போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மாதம் இலைகள் மஞ்சளாயின. மாதுளை இலை உதிர்ப்பது வழக்கம்தான் என்று லிஃப்ட்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு மனைவிக்கும் சொன்னார். பிறகு கேட்காதவர்களுக்கெல்லாம் சொன்னார். காலையும் மாலையும் குழாயைப் போட்டு நனைத்தார். மண் சேறாகக் கிடந்தது, மரமோ வெயிலில் போட்ட விறகாக வற்றிக்கொண்டே வந்தது. விடிந்ததும் சாவியால் பட்டையில் ஒரு இடத்தைச் சுரண்டிப் பார்ப்பார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனிக் கிளையில் சுரண்டினார், காப்பிப்பொடி நிறம். அடுத்த வாரம் அதற்குக் கீழே. அதற்கடுத்த வாரம் இன்னும் கீழே. நாலாவது மாதம் தண்டில் பச்சை தேட வேண்டியிருந்தது.

இந்தச் சமயத்தில் மனைவி "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லியிருந்தால் அவர் சண்டை போட்டாவது மனசை ஆற்றிக்கொண்டிருப்பார். அவள் சொல்லவில்லை. தையல் மெஷினைக் கடகடவென்று மிதித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலிருந்து உள்ளே வந்தால் நிமிர்ந்து பார்த்து, "காப்பி போடட்டுமா?" என்று கேட்டாள். அந்தக் கரிசனம் அவரைத் தின்றது.

கடைசியில் வெட்கத்தை விட்டு நர்சரிக்காரரைக் கூப்பிட்டார். அவர் வந்து மரத்துக்கு ஒரு முழம் தள்ளி மண்ணைப் பறித்தார். ஒரு வேர் இல்லை. அரை முழத்தில் பறித்தார். இல்லை. தொட்டுவிடும் தூரத்தில் பறித்தபோதுதான் டிரம்மின் வட்டம் அப்படியே தெரிந்தது. சுற்றிலும் சேறு, அந்த உருண்டைக்குள் கத்தியைச் செருகி இழுத்தால் தூசி பறந்தது. இத்தனை தண்ணீரில் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

"டிரம்மை எடுத்ததே இதுக்குத் தெரியல சார்" என்றார் நர்சரிக்காரர். குத்திக் காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார்.

"இப்ப அறுத்தா?"

"கண் கெட்டப்புறம் என்ன பண்றது? ஒரு பத்து வருஷம் முன்னாடி மண்ணுல வெச்சிருந்தா எதையும் அறுக்கவே வேணாம். இப்ப குச்சி வெட்டி வெக்கலாம்னாலும் பச்சைக் கிளை ஒண்ணும் இல்ல." கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "இந்த ஜாதிதான் வேணும்னா, இதோட போத்து வெட்டி யாருக்காவது குடுத்திருக்கீங்களா? எங்கயாவது வெச்சிருந்தா, அதுலேர்ந்து ஒரு குச்சி கொண்டாங்க. நான் வேர் விட வெச்சுத் தர்றேன்."

"யாருக்கும் குடுத்ததில்ல" என்றார் லிஃப்ட்காரர். அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. ஒரு காலத்தில் அதையே நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறார்.

உள்ளே மெஷின் சத்தம் நின்றது.

"இருக்கு" என்றாள் அவர் மனைவி, சன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். எங்கே என்று அவர் கேட்டதற்கு, "வாங்க, பாக்கத்தானே போறீங்க" என்று மட்டும் சொன்னாள். பஸ் திரும்பிய திருப்பத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. பதினோரு வருஷம் நடந்த தெரு. அங்கே வீட்டுக்காரம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் தைத்த துணியைக் கொடுக்க அவள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய் வருவது அவருக்குத் தெரியும். எதற்கு அவ்வளவு தூரம், இங்கே வேலை கிடைக்காதா என்று சலித்துக்கொண்டதும் உண்டு.

கேட்டின் கொக்கி வெளியிலிருந்து திறக்காது; கையை உள்ளே விட்டு ஒரு தினுசாகத் தள்ள வேண்டும். அவள் பார்க்காமலே தள்ளினாள். ஒரு நாய் ஓடி வந்து அவள் காலடியில் புரண்டுவிட்டு, அவரைப் பார்த்துக் குரைத்தது.

பின்பக்கம் போனார்கள். துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம், மதில் சுவருக்கு மேலே இரண்டு ஆள் உயரத்துக்கு மாதுளை நின்றது. கோணலாக நின்றது. ஒரு பக்கம் சாய்ந்து, வெயிலைப் பார்த்து வளைந்து, தூக்குகுண்டு பிடித்தால் நூல் தண்டைத் தொடவே தொடாது. கிளைக்குக் கிளை காய். இரண்டு கையாலும் ஏந்துகிற அளவுக்குப் பழுத்து, தோல் வெடித்து, உள்ளே சிவப்புத் தெரிய நாலைந்து பழம். ஒரு கிளைக்குப் பழைய புடவைக் கிழிசலால் கட்டுப் போட்டு, சுவரில் ஆணியடித்துத் தாங்கு கொடுத்திருந்தது. அந்தப் புடவை அவருக்குத் தெரியும்.

"நாம காலி பண்ணின அன்னிக்கு, டிரம்மை லாரியில ஏத்தறப்ப ஒரு கிளை முறிஞ்சுது" என்றாள் மனைவி. "நீங்க அந்தப் பக்கம் கயிறு கட்டிட்டிருந்தீங்க, பாக்கல. குப்பையில போட மனசு வரல. ஊனிட்டு, துவைச்ச தண்ணியை ஊத்திட்டு வந்தேன்."

எட்டு வருஷம். ஒரு கிளை ஒடியாமல் காப்பாற்றினேன் என்று நர்சரிக்காரரிடம் அவர் கத்தியது அவருக்கே நினைவுக்கு வந்து கூசியது.

சத்தம் கேட்டு மாடிப்படியில் வீட்டுக்காரம்மா இறங்கி வந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக.

"யாரு, சாரா? வாங்க வாங்க. இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா? நான் இவகிட்ட சொல்லிட்டே இருப்பேன், அவரையும் ஒரு நாள் கூட்டிட்டு வாம்மான்னு. அவருக்கு மரம் செடின்னா ஆகாதும்மான்னு சொல்லிடுவா." சிரித்தார். "சில பேருக்கு அப்படித்தான். எங்க வீட்டுக்காரருக்கும் பூனை ஆகாது."

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். ஆறு வீடு சுமந்தது, படியில் இடுப்பு போனது, விடிய எழுந்து பட்டை சுரண்டியது, எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. மனைவி முகத்தைப் பார்த்தார். அவள் இதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. ஒரு பழத்தைத் திருப்பி அடிப்பக்கம் பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்குக்குச் சொன்னதா, இல்லை, உண்மையிலேயே அவரைப் பற்றி அவளுக்குத் தோன்றியதே அதுதானா? கேட்கப் பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"டீ போடறேன், மேல வாங்க" என்று வீட்டுக்காரம்மா திரும்பிப் படியேறினார்.

இரண்டு பேரும் மரத்தடியில் நின்றார்கள். அவள் ஒரு பழத்தைப் பறித்துக் கல்லில் தட்டிப் பிளந்து பாதியை அவரிடம் நீட்டினாள். நாலு முத்தை வாயில் போட்டார். இனித்தது. அந்த இனிப்பு அவருக்குத் தாங்கவில்லை.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

அவள் யோசிக்கவில்லை. "சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

பொய் சொல்லலாம். சந்தோஷப்பட்டிருப்பேன், நானும் கூட வந்திருப்பேன், தண்ணீர் ஊற்றியிருப்பேன். ஆனால் எவ்வளவு கோணல் இருந்தாலும் பொய் சொல்கிற பழக்கம் அவருக்கில்லை. தான் அன்றைக்கு எப்படிப்பட்ட ஆள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

"தோண்டி எடுத்துட்டு வந்து இன்னொரு டிரம்ல வெச்சிருப்பேன்" என்றார்.

"அதான்" என்றாள் அவள்.

அதில் கோபம் இல்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னாள். அவர் முந்தானை நுனியைப் பிடித்த பிள்ளை மாதிரி நின்று, "தப்புப் பண்ணிட்டேன்மா" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. வந்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

"விடுங்க" என்றாள். "டீ ஆறிடும்."

அவர் அவசரமாகப் பையிலிருந்து கத்தரியையும், நர்சரிக்காரர் கொடுத்தனுப்பிய ஈரச் சாக்குத் துண்டையும் எடுத்தார். "எந்தக் கிளையை வெட்டட்டும்? நீயே சொல்லு. இந்தத் தடவை நீ சொல்றபடி நடறேன். எங்க வெக்கணும், எவ்வளவு ஆழம், எல்லாம் நீ சொல்றதுதான். மூணு வருஷத்துல நம்ம வாசல்லயே பழம் பறிக்கலாம் நீ."

அவள் ஒரு கிளையைத் தொட்டுக் காட்டினாள். விரல் கனத்தில், நல்ல பச்சையாக.

"இது நல்லா வேர் பிடிக்கும். வெட்டிக்கங்க."

"உனக்கு ஓரமா வேணுமா, நடுவுலயா?"

"நீங்க எங்க வேணா வெச்சுக்கங்க" என்றாள். "எனக்கு இது இருக்கு."

மற்றப் பழங்களையும் பறித்துத் தலைப்பில் கட்டிக்கொண்டு, நாயை ஒதுங்கச் சொல்லிக்கொண்டு, தன் வீட்டுப் படியில் ஏறுகிற மாதிரி மாடிக்கு ஏறிப் போனாள். லிஃப்ட்காரர் கத்தரியைப் பிடித்தபடி மரத்தடியில் நின்றார். அவளுக்கென்று ஒரு மண் வாங்கத்தான் இத்தனை வருஷம் ஓடினார் அவர். அது அவளுக்கு எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது. அவருக்கு அழுகை வந்தது. மேலிருந்து டம்ளர் வைக்கிற சத்தமும் இரண்டு பெண்கள் சிரிக்கிற சத்தமும் கேட்டது. அவர் அந்தக் கிளையை வெட்டாமலே கத்தரியைப் பைக்குள் வைத்தார்.